கூழ் சொன்ன நேரம்

பிற்பகல் மூன்று மணி வெயிலில், தொழிற்சாலை முற்றம் முழுக்க நூற்றுக்கணக்கான கம்மோடுகள் வாயைப் பிளந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இத்தனை பேர் வாயைத் திறந்து வச்சிருக்காங்க அத்தை. ஒருத்தர்கூட சாட்சி சொல்ல மாட்டேங்கறாங்களே" என்றான் மாப்பிள்ளை.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க ஒருத்தர் வாயை மூடினா போதும் மாப்பிள்ளை. மத்தவங்க பேசறது தானா காதுல விழும்."

அத்தை முப்பது வருடம் நீதிமன்றத்தில் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவர். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று அவர் விரல்களுக்கே தெரியும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். அவர் மகளைக் கட்டியவன் அதுவரை மூன்று வேலைகளில் சேர்ந்து மூன்றிலும் வாயால் கெட்டிருந்தான். நான்காவது வேலை மாமியாரிடம். வீட்டோடு மாப்பிள்ளையைப் பற்றி ஊர் கேள்விப்பட்டிருக்கிறது. இவன் ஆபீசோடும் மாப்பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல், வழக்குக்காக வருகிறவர்களும் அவனை மாப்பிள்ளை என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்று காலை அவர்களைத் தேடி வந்தவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். தொழிற்சாலையில் அவளுக்கு லேப் அக்கா என்று பெயர். கம்மோடு வார்க்கும் களிமண் கூழை அளந்து பார்ப்பது அவள் வேலை. அவள் கணவர் அதே தொழிற்சாலையின் அச்சுக்காரர். இந்த நிமிடம் அவர் வாயிற்காவலர் அறையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஐந்து மணிக்குப் பெரிய முதலாளி வருவார். அவர் வந்ததும் போலீஸுக்கு போன் போகும்.

"என் வீட்டுக்காரர் கோபக்காரர்தான், இல்லேன்னு சொல்லல" என்றாள் லேப் அக்கா. "சாப்பாட்டுல உப்பு குறைஞ்சா தட்டைத் தள்ளி விடுவார். ஆனா தான் செஞ்ச பொருளைத் தானே உடைக்க மாட்டார். ரெண்டு மாசம் அதைக் குழந்தை மாதிரி தடவித் தடவிச் செஞ்சார்ம்மா. என்னை அப்படித் தடவிக் கொடுத்ததே இல்ல."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தையின் பார்வை பட்டதும் அது இருமலாக மாறிப்போனது.

அச்சு அறை வாசலிலேயே, இப்போது தொழிற்சாலையை நடத்துகிற முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஆள் ஒரு பீரோ. பீரோவுக்கு எண்ணெய் தடவித் தலை வாரிவிட்டது போலிருந்தார். இரண்டு நாற்காலிகளை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தான் மட்டும் நின்றார்.

"நீங்க உக்காரலையா?" என்றார் அத்தை.

"நிக்கறது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். விஷயத்துக்கு வரேன். இதுல துப்பறிய ஒண்ணும் இல்ல மேடம். உடைச்சவன் யாருன்னு ஊருக்கே தெரியும்."

தரையில் வெள்ளைச் சில்லுகள் குவிந்து கிடந்தன. ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காகப் புதிதாக வடிவமைத்த சின்னக் கம்மோடு அது. அதாவது பிளாஸ்டரில் செய்த அதன் மாதிரி வடிவம். இந்த ஒரு மாதிரியிலிருந்துதான் அச்சுகள் எடுக்க வேண்டும். அந்த அச்சுகளில்தான் முந்நூறு கம்மோடுகள் வார்க்க வேண்டும். தாய் போனால் பிள்ளை இல்லை.

"நேத்து காலைல பதினோரு மணிக்கு எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம்" என்றார் முதலாளி. "'இதுக்கு இதை உடைச்சுப் போடலாம்'னு எல்லார் முன்னாடியும் கத்தினான். கத்திட்டு கேட்டைத் தாண்டிப் போயிட்டான். பன்னிரண்டு மணிக்கு நான் இந்த ரூமை எட்டிப் பார்த்தேன். மாதிரி முழுசா இருந்துச்சு. ஒன்றரைக்கு அவன் பையை எடுக்கணும்னு திரும்பி வந்து இந்த ரூமுக்குள்ள போனான். ரெண்டு மணிக்கு மேல போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தா, இப்படி."

"நடுவுல வேற யாரும் வரலையா?"

"பன்னிரண்டு மணியிலேர்ந்து வார்ப்புக்காரர் இந்த வாசல்லதான் வேலை பார்த்தார். அவரைக் கேளுங்க. ஈ, காக்கா நுழையல."

"எதைப் பத்தி வாக்குவாதம்?"

முதலாளியின் காது சிவந்தது. "டிசைன் விஷயம். சின்ன அபிப்பிராய பேதம்."

லேப் அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கம்மோடு உள்பக்கம் பெரிய முதலாளியோட முகத்தை முத்திரையா வைக்கணும்னு இவர் சொன்னார்."

மாப்பிள்ளை நிமிர்ந்தான். "உள்பக்கமா?"

"என் மாமனார் இந்தத் தொழிலை உருவாக்கினவர்!" என்றார் முதலாளி. "அவருக்கு ஒரு மரியாதை செய்யணும்னு நினைச்சேன். தப்பா?"

"அதுக்கு அச்சுக்காரர் என்ன சொன்னார்?"

"'அதுக்குள்ள மாமனார் முகத்தை வச்சா, உக்கார்றவன் எல்லாம் அவருக்கு என்ன மரியாதை செய்வான்னு யோசிச்சீங்களா'ன்னு கேட்டார்" என்றாள் லேப் அக்கா. "நாப்பது பேர் சிரிச்சுட்டாங்க. அதுதான் இவருக்குப் பொறுக்கல."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தோள்கள் குலுங்க, முற்றத்துக் கம்மோடுகளை வெகுநேரம் ரசித்தான். முதலாளி விந்தி விந்தித் தன் அறைக்குப் போனார்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வாக்குமூலத்தின் கிழிந்த பக்கங்களை ஒட்டவைப்பது போல ஒவ்வொரு சில்லாக எடுத்துப் பொருத்த ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் கம்மோட்டின் விளிம்பு தரையில் ஒரு வளையமாக உருவானது. முன்பக்கம் ஒரு சாண் அளவுக்கு ஓட்டை.

"ஒரு துண்டு குறையுது" என்றார்.

"பெருக்கித் தள்ளியிருப்பாங்க" என்றான் மாப்பிள்ளை.

"நேத்திலேர்ந்து இதை யாரும் தொடல" என்றாள் லேப் அக்கா.

"அப்போ உடைச்சவன் ஒரு துண்டை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார் அத்தை. "கோபத்துல உடைக்கறவன் உடைச்சுட்டுப் போயிடுவான். துண்டு பொறுக்க மாட்டான். அந்தத் துண்டு எங்கே மாப்பிள்ளை?"

"ஞாபகார்த்தமா வீட்டு ஷோகேஸ்ல..."

"கிளம்புங்க. தேடுங்க."

*

அச்சு அறை வாசலுக்கு வெளியே நீண்ட மேஜை. அதன்மேல் வெள்ளை பிளாஸ்டர் அச்சுகள் கொழுத்த மூட்டைகள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேஜையின் தலைமாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கூழ்த்தொட்டி. நேற்றிலிருந்து வேலை நிறுத்தப்பட்டிருந்ததால் தொட்டிக்குள் இருக்கும் துடுப்பும் ஓடவில்லை, பக்கத்தில் மண் அரைக்கும் உருளை மில்லும் ஓடவில்லை. மேஜை ஓரத்தில் வார்ப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். மீசை வரை களிமண்.

"பன்னிரண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரல" என்றார். "ஒன்றரை மணிக்கு அச்சுக்காரர் உள்ள போனார், பையோட வந்தார். வேற ஒரு ஆள் வரல. அவர் என் சிநேகிதர்தான். அதுக்காக நடக்காததை நடந்ததுன்னு சொல்ல முடியுமா?"

"உள்ளேர்ந்து சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா?"

"மில் ஓடறப்போ இடி விழுந்தாலும் கேக்காதும்மா."

அத்தை மேஜையோரம் இருந்த இரண்டு வாஷ்பேசின்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சூளைக்குப் போகாத பச்சைப் பொருட்கள். ஒன்றைக் கம்பியால் குறுக்காக அறுத்து வைத்திருந்தார்கள்.

"இது எதுக்கு அறுத்தது?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணை அறுத்து சுவர் கனம் பார்ப்போம்" என்றாள் லேப் அக்கா. "கூழை அச்சுல ஊத்தினா பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்சும். மண்ணு அச்சோட சுவத்துல படியும். நேரம் ஆக ஆகக் கனம் ஏறும். ஒரு மணி நேரத்துல ஒன்பது மில்லி. அப்புறம் மிச்சக் கூழை வடிச்சிடுவோம்."

சொல்லிக்கொண்டே பழக்க தோஷத்தில் இடுப்பில் இருந்த அளவுகோலை எடுத்து அறுத்த சுவரில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"பதிமூணு."

"ஒன்பது இருக்கணும்னு சொன்னீங்களே?" மாப்பிள்ளையின் மூக்கு விடைத்தது. "பதிமூணு மில்லி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம். படிஞ்ச மண்ணே தண்ணியைத் தடுக்கறதால, ரெண்டாவது மணி நேரத்துல நாலு மில்லிதான் ஏறும்."

மாப்பிள்ளை வார்ப்புக்காரரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். இந்த மாதிரி தருணத்துக்காகத்தான் அவன் மூன்று வேலைகளை இழந்திருந்தான். "நேத்து இந்த அச்சுகள்ல எத்தனை மணிக்குக் கூழ் ஊத்தினீங்க?"

"ஒரு மணிக்கு. ரெண்டு மணிக்கு வடிச்சேன். உள்ள கூச்சல் கிளம்பினப்போ நான் வடிச்சுக்கிட்டு இருந்தேன், எல்லாரும் பார்த்தாங்க."

"ரெண்டு மணிக்கு வடிச்சது உண்மை. ஊத்தினது பன்னிரண்டு மணிக்கு! ஊத்திட்டு ஒரு மணி நேரம் எங்கேயோ போய்க் காலை நீட்டிட்டு வந்திருக்கீங்க. அந்த நேரத்துல யார் வேணா இந்த வாசல் வழியா யானை மேல ஏறிப் போயிருக்கலாம். நீங்க பொய் சொன்னாலும் உங்க வாஷ்பேசின் பொய் சொல்லாது அண்ணே!"

வார்ப்புக்காரர் எழுந்தார். மீசையிலிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது. "இருபத்தாறு வருஷம் தம்பி. காலை டீயைத் தவிர, சாப்பாட்டுக்குக்கூட இந்த மேஜையை விட்டுப் போனதில்ல. நான் ஒரு மணிக்குத்தான் ஊத்தினேன். என்னை என்ன வேணா சொல்லு, வேலையைத் திருடினேன்னு சொல்லாதே."

"சுவர் சொல்லுதே!"

"சுவத்துக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்!"

அத்தை லேப் அக்காவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணன் ஒரு மணிக்குத்தான் ஊத்தினார்" என்றாள். "சாப்பாட்டுக்குப் போறப்போ நான் என் கண்ணால பார்த்தேன். பன்னிரண்டரை மணிக்கும் அச்சு எல்லாம் காலியா இருந்துச்சு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், கணவருக்கு எதிரான ஒரே சாட்சி இந்நேரம் பொய்யனாகி இருப்பார். அதைத் தெரிந்தேதான் சொன்னாள்.

"நல்லதும்மா" என்றார் அத்தை மெதுவாக. "ஆளும் பொய் சொல்லல, சுவரும் பொய் சொல்லல. அப்போ மிச்சம் இருக்கறது யாரு?"

மற்ற மூன்று பேரும் கூழ்த்தொட்டியைப் பார்த்தார்கள்.

*

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்த மாப்பிள்ளை உள்ளே விரலை விட்டான். கூழ் தயிராக உறைந்திருந்தது. விரல் போன பள்ளம் அப்படியே நின்றது.

"கலக்காம விட்டா கொஞ்சம் உறையறது சகஜம்தான்" என்றாள் லேப் அக்கா. "கலக்கினா மறுபடி இளகிடும். ஆனா வெட்டி எடுக்கற அளவுக்கு உறையாது. பால் கிளே இருக்கறதால ஓரளவு..."

"பால்ல செஞ்ச களியா?"

"பந்துன்னு அர்த்தம் வர்ற பால். உருண்டை உருண்டையா வெட்டி எடுக்கற களிமண். அது இல்லேன்னா பச்சைக் கோப்பை கைபட்டாலே உதிர்ந்துடும். பார்க்கக் கறுப்பா இருக்கும், சுட்டா வெளுத்துடும்."

"எங்க வீட்ல நேர் எதிர். பார்க்க வெளுப்பா இருப்பா. சுட்டா..."

"மாப்பிள்ளை" என்றார் அத்தை.

லேப் அக்கா கூழைக் கொஞ்சம் மொண்டு எடுத்து வேகமாகக் கலக்கினாள். ஒரு லிட்டர் ஜாடியில் ஊற்றித் தராசில் வைத்தாள். ஒரு கிலோ எண்ணூறு கிராம். "எடை சரியா இருக்கு. தண்ணி கூடவும் இல்ல, குறையவும் இல்ல." பிறகு அடியில் சின்னத் துளை வைத்த பித்தளைப் புனலில் அதை ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்தாள். நல்ல கூழ் இருபத்தைந்து விநாடியில் இறங்கிவிடும் என்றாள். இது சோம்பேறி மாணவன் பள்ளிக்கூடம் போவதுபோல் இறங்கியது. எழுபது விநாடி ஆகியும் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நேத்து காலைல எட்டு மணிக்கு அளந்தப்போ இருபத்தஞ்சுதான் வந்துச்சு" என்றாள். "எடை மாறல, ஓட்டம் மட்டும் செத்துப் போச்சு. இதுக்குள்ள ஏதோ விழுந்திருக்கு."

"நேத்து மதியம் ஊத்தறப்பவே கொஞ்சம் மந்தமாத்தான் இறங்குச்சு" என்றார் வார்ப்புக்காரர். "நீ சாப்பிடப் போயிருந்தே. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கூச்சல் ஆயிடுச்சு."

"என்ன விழுந்தா இப்படி ஆகும்?" என்று கேட்டார் அத்தை.

"மண்ணுத் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா. அதுக்குத்தான் சிலிக்கேட் கொஞ்சம் ஊத்துவோம். ஊத்தினா துகள் எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு, தண்ணி அதிகம் இல்லாமலே கூழ் ஓடும். ஆனா பிளாஸ்டர் கலந்துச்சுன்னா எல்லாம் திரும்பக் கட்டிப் பிடிச்சுக்கும். கூழ் கெட்டியாகும், அச்சு தண்ணியை வேகமாக் குடிக்கும், ஒரு மணி நேரத்துலயே..."

"ரெண்டு மணி நேரத்துச் சுவர்!" என்றான் மாப்பிள்ளை. "அதாவது சிலிக்கேட் தனிக்குடித்தனம். பிளாஸ்டர் கூட்டுக்குடும்பம்."

லேப் அக்காவுக்கு அந்தக் கவலைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை சிரிக்கவில்லை. தொட்டியின் சுவிட்சைக் காட்டினார். "துடுப்பை ஓட விடுங்க."

துடுப்பு முனகியபடி கிளம்பியது. உறைந்த கூழ் மெல்ல அசைந்து, நெளிந்து, இளகிச் சுழல ஆரம்பித்தது. மில் ஓடாததால் கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சத்தம்.

டொக்.

மறுபடி சுற்றி வந்து, டொக்.

"நேத்து மில் சத்தத்துல இது கேட்டிருக்காது" என்றார் அத்தை.

வார்ப்புக்காரர் துடுப்பை நிறுத்தி, நீளக் கைப்பிடி வைத்த சல்லடையை உள்ளே விட்டுத் துழாவினார். மூன்றாவது முயற்சியில் கனமாக ஏதோ ஏறியது. வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சாண் நீளத்துக்கு வளைந்த பிளாஸ்டர் துண்டு. ஓரங்கள் கரைந்து மழுங்கியிருந்தன. கம்மோட்டின் காணாமல் போன முன் விளிம்பு. அதன் வெடிப்புக்குள் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கிழிந்த துணி சொருகி நின்றது. காப்பி நிறம். நல்ல விலை உயர்ந்த துணி.

லேப் அக்கா அதைப் பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை.

"அதனாலதான் துண்டோட தூக்கிப் போட்டிருக்கான்" என்றார் அத்தை. "இப்ப கணக்குப் போடுங்க மாப்பிள்ளை. ஒரு மணிக்கு ஊத்தின கூழ்லயே பிளாஸ்டர் இருக்கு. அப்போ அது தொட்டிக்குள்ள விழுந்தது எப்போ?"

"ஒரு மணிக்கு முன்னாடி. ஆனா பன்னிரண்டுலேர்ந்து அண்ணன் தொட்டி பக்கத்துலயே இருந்தார்... அப்போ பன்னிரண்டுக்கும் முன்னாடி!" மாப்பிள்ளை ஏணியிலேயே குதித்தான். "அச்சுக்காரர் பதினோரு மணிக்கு கேட்டைத் தாண்டிப் போனவர், ஒன்றரைக்குத்தான் திரும்பி வந்தார். அவர் வந்தப்போ அது ஏற்கெனவே உடைஞ்சு, துணி போர்த்திக் கிடந்திருக்கு!"

லேப் அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வார்ப்புக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பி மீசையைத் துடைத்தார்.

"இன்னொரு கேள்விம்மா" என்றார் அத்தை. "கூழ்ல பிளாஸ்டர் விழுந்தா கெட்டுடும்னு இங்கே யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். பெருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும்மா. அச்சு ரூமுக்குன்னு தனித் துடைப்பமே வச்சிருக்கோம், இந்தப் பக்கம் கொண்டு வர விட மாட்டோம். இந்தத் தொழில்ல கால் வச்ச முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது அதுதான். தொழில் தெரிஞ்ச எவனும் பிளாஸ்டரை ஒளிக்க இந்தத் தொட்டியைத் தேட மாட்டான்."

"அப்போ தொழில் தெரியாத ஒரு ஆள்."

வார்ப்புக்காரரின் கண், முதலாளியின் அறைக்கு ஏறும் மாடிப்படி பக்கம் போய்த் திரும்பியது.

*

நாலரை மணிக்கு முதலாளி தன் அறையில், தேக்கு மேஜைக்குப் பின்னால், மெத்தை வைத்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க" என்றார் அத்தை.

"பரவாயில்ல மேடம்."

"வாக்குமூலம்னா உக்காந்து சொல்லணும். முப்பது வருஷம் அப்படித்தான் அடிச்சிருக்கேன். உக்காருங்க."

முதலாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். பாதி வரை இறங்கினார். பிறகு சுட்டது போல எழுந்துவிட்டார்.

அத்தை கைப்பையிலிருந்து பிளாஸ்டர் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். துணி மேலே தெரியும்படி வைத்தார். "நேத்து காப்பிக் கலர் பேண்ட்தானே? பன்னிரண்டு மணிக்கு மாதிரி முழுசா இருந்துச்சுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். அது உடைஞ்சது அதுக்கு முன்னாடின்னு உங்க கூழே சொல்லிடுச்சு."

பீரோ சாய்வது போல் முதலாளியின் தோள்கள் இறங்கின. வெளியே ஒரு கார் வரும் சத்தம் கேட்குமோ என்று ஜன்னலைப் பார்த்தார்.

"உடைக்கணும்னு உடைக்கல" என்றார். குரல் பத்து வயதுப் பையனுடையது. "நாப்பது பேர் சிரிச்சாங்க மேடம். அவன் சொன்னது சரியா, தப்பான்னு பார்க்கணும்னு தோணுச்சு. எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க. சும்மா உக்காந்து பார்த்தேன். முகத்தை எங்கே வச்சா... நேரா அதுமேல படாதுன்னு..."

மாப்பிள்ளை மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"குழந்தைங்க உக்கார்றது" என்றார் அத்தை.

"தெரியும். உக்காந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. குத்திக் கிழிச்சு... துணி மாட்டிக்கிச்சு. யாராவது பார்த்துடுவாங்களோன்னு துண்டோட பக்கத்துத் தொட்டில போட்டுட்டேன். ஆறு தையல் மேடம்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "பன்னிரண்டு வருஷமா இங்கே நான் முதலாளி. இன்னும் என்னை எல்லாரும் 'பெரிய முதலாளியோட மருமகன்'னுதான் சொல்றாங்க. மாமாவுக்கு இது தெரிஞ்சா?"

மாப்பிள்ளைக்கு அந்த வலி புரிந்தது. தையல் வலி இல்லை, மற்றது. தன்னை அறியாமல் மேஜையைச் சுற்றிப் போய் அவர் தோளில் கை வைத்தான்.

"நானும் மாப்பிள்ளைதான் சார். கல்யாணமான புதுசுல எங்க மாமனாரோட ரேடியோவை ரிப்பேர் பண்றேன்னு கழட்டி, திரும்ப மாட்டத் தெரியாம, பூனை தள்ளி விட்டுடுச்சுன்னு சொன்னேன். ஒரு வாரம் அந்தப் பூனைக்குப் பால் கிடைக்கல. இன்னும் என்னைப் பார்த்தா அது..."

சட்டென்று நிறுத்தினான். அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனைக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மாப்பிள்ளை" என்றார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார். "பூனை ஜெயிலுக்குப் போகாது சார். அச்சுக்காரர் போவார். மாமனார் வர அரை மணி இருக்கு. இந்தத் துண்டை நான் காட்டணுமா, நீங்களே சொல்றீங்களா?"

*

ஐந்து மணிக்குப் பெரிய முதலாளி வந்தபோது வார்ப்பு மேஜை முன்னால் நாற்பது பேரும் நின்றிருந்தார்கள். ஒல்லியான கிழவர். கைத்தடி ஊன்றினாலும் நடை நிமிர்ந்துதான் இருந்தது. வாயிற்காவலர் அறையிலிருந்து அச்சுக்காரரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

முதலாளி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். "மாதிரியை உடைச்சது அச்சுக்காரர் இல்ல" என்றார். மறுபடி செருமினார். "நான்தான். அதுமேல உக்காந்தேன். பழியை அவர்மேல போட்டுட்டேன். தப்பு."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அவ்வளவுதான், அணை உடைந்தது. வார்ப்புக்காரர் மேஜைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தார்.

பெரிய முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"எவ்வளவு நேரம் தாங்குச்சு?"

"மாமா?"

"நீங்க உக்காந்ததுக்கும் அது உடைஞ்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும் மாமா."

கிழவர் அச்சுக்காரரின் பக்கம் திரும்பினார். "சுடாத வெறும் பிளாஸ்டர். குழந்தை சைஸ். இவர் எடை நூத்திப் பத்து. ரெண்டு நிமிஷமா?"

அச்சுக்காரரின் இறுகிய உதடு ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தளர்ந்தது. "விளிம்பை உள்பக்கமா மடிச்சு வார்த்தேங்க" என்றார். "நானே ஒரு நிமிஷத்துக்கு மேல எதிர்பார்க்கல."

"திரும்பச் செய்ய முடியுமா?"

"எல்லாத் துண்டும் இருக்கு. ஒட்ட வச்சு அதுமேல அச்சு எடுத்துட்டா பத்து நாள்ல முடியும்." முதலாளியை இப்போதுதான் முதல் முறையாக நேராகப் பார்த்தார். "ஆனா அந்தத் தொட்டிக் கூழ் இனி உதவாதுங்க. முழுசா வெளியே எடுத்து, உள்ள இறங்கி, கையால தேய்ச்சுக் கழுவணும். பிளாஸ்டர் ஒரு பொட்டு மிஞ்சக் கூடாது. போட்டவங்கதான் கழுவணும். இங்கே அதுதான் முறை."

எல்லோரும் பெரிய முதலாளியைப் பார்த்தார்கள். கிழவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தொட்டியின் உயரத்தை மேலிருந்து கீழ் வரை அளந்தார்.

"நின்னுக்கிட்டே செய்யற வேலைதானே" என்றார். "வாளியைக் கொடுங்கப்பா."

அரை மணி நேரம் கழித்து அத்தையும் அவனும் கிளம்பினார்கள். லேப் அக்கா கேட் வரை வந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கை முழுக்கக் கூழ் ஒட்டிக்கொண்டது. அச்சுக்காரர் பின்னால் நின்றபடி, உப்புக் குறைந்த சாப்பாட்டையும் இனி சாப்பிடப் பழகிக்கொள்வதாக, யாரும் கேட்காமலே வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை நகரவில்லை. கேட்டருகே நின்று கூடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டியின் உள்ளேயிருந்து வாளி உரசும் சத்தமும் முனகலும் வந்துகொண்டிருந்தன.

அத்தை பொறுமை இழந்து குரல் கொடுத்தார். "இன்னும் என்ன வேடிக்கை? போதும், வாங்க மாப்பிள்ளை!"

தொட்டியின் விளிம்புக்கு மேல் களிமண் பூசிய ஒரு பெரிய முகம் ஆசை ஆசையாக எட்டிப் பார்த்தது.

"உங்களை இல்ல" என்றார் அத்தை.

முகம் மறுபடி உள்ளே இறங்கியது.